வடக்கு முக்கில் ஊற்றிய ஆயில்

ஞாயிற்றுக்கிழமை மாலை மூன்று மணி பத்து நிமிடம். கிரைண்டரை நிறுத்தினேன். மாவை வழித்துக்கொண்டிருந்த கையோடு போனைப் பார்த்தேன். அதற்குள் நான்கு தவறிய அழைப்புகள். எல்லாம் மகளின் தோழி. ஐந்தாவது முறை அது அடித்தபோது மாவுக் கையோடு எடுத்தேன்.

"ஆன்ட்டி, பதறாதீங்க. கூட யாராச்சும் இருக்காங்களா?"

நம் வயதில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வியை விளக்க வேண்டியதில்லை. அதைக் கேட்ட நொடியிலேயே மீதி எல்லாம் தெரிந்துவிடுகிறது. மகள் உயிரோடு இருக்கிறாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதைத் தெரிந்துகொள்ளாமல் உங்களாலும் படிக்க முடியாது, சொல்லாமல் என்னாலும் எழுத முடியாது. மற்றதை வரிசையாகத்தான் சொல்ல வேண்டும். ஏனென்றால் இது அன்றைக்கு மூன்று பத்துக்குத் தொடங்கியது அல்ல. எனக்குப் பத்து வயதில், ஒரு கோடை விடுமுறையில் தொடங்கியது.

மகள் சேலத்தில் பொறியியல் படிக்கிறாள். இரண்டாம் ஆண்டு, விடுதியில் தங்கி. பைக் ஓட்டுவாள் என்று தெரியும். மண் பாதையில் ரேஸ் ஓட்ட ஆசைப்படுகிறாள் என்று பொங்கல் லீவில்தான் தெரிந்தது. ஒரு தாளைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாள். பெண்களுக்கென்று தனியாக நடத்துகிற மண்பாதைப் பந்தயம், பெற்றோர் ஒப்புதல் வேண்டும், கையெழுத்துப் போடு என்றாள்.

"முடியாது" என்றேன்.

"அம்மா, முழுசாப் படிச்சாச்சும் பாரு. டாக்டர் இருப்பாங்க. ஆம்புலன்ஸ் நிக்கும். மண்ணுக்குத் தண்ணி அடிச்சு உருட்டி வெப்பாங்க. பைபாஸ்ல ஓட்டற மாதிரி இல்லம்மா."

"எந்த மண்ணா இருந்தா என்ன? எங்க சித்தப்பாவுக்கு என்ன ஆச்சுன்னு தெரியுமில்ல?"

"தெரியாது. நீ ஒரு நாளும் சொன்னதில்ல."

அது உண்மை. அன்றும் சொல்லவில்லை. தாளை மடித்து அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தேன். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. நான் கையெழுத்துப் போடாததால் அவள் பந்தயத்துக்குப் போகவில்லை. அதற்குப் பதிலாக, தோழிகளோடு ஒரு காய்ந்த ஏரிக்குப் போயிருக்கிறாள். அங்கே டாக்டர் இல்லை, ஆம்புலன்ஸ் இல்லை, தண்ணீர் அடித்த மண்ணும் இல்லை. விழுந்தவளை ஏற்றிக்கொண்டு போக ஒரு சரக்கு வண்டி கிடைக்க முக்கால் மணி நேரம் ஆகியிருக்கிறது. இடது கால்.

வாடகைக் கார் பிடித்து நாமக்கல்லிலிருந்து கிளம்பினேன். வீட்டுக்காரர் போர்வெல் ரிக்கோடு சத்தீஸ்கரில் இருக்கிறார். எந்தக் காட்டில் துளை போடுகிறார்களோ, போன் எடுக்கவில்லை. டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"ஆக்சிடெண்டுங்களாக்கா?"

"ஆமாங்க. பைக்."

"பையனுங்களா?"

"பொண்ணு."

முன்னால் போன பஸ்ஸை முந்தினார். பிறகு தாங்க முடியவில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்க. இந்த ரேஸுப் பசங்களாலதான் பைபாஸ்ல எங்களால ஓட்ட முடியறதில்லீங்க. ஒருத்தன் முன் சக்கரத்தத் தூக்கறான், ஒருத்தன் அத வீடியோ எடுக்கறான். வண்டியப் புடுங்கி நசுக்கிப் போடோணும். இப்ப பொம்பளப் புள்ளைகளும் இதுல எறங்கிருச்சுங்களா?"

எனக்குக் கோபம் வரவில்லை. ஆறு மாதத்துக்கு முன் எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் இதையே நானும் எழுதியிருந்தேன், இதைவிடக் கடுமையாக. இருபத்தேழு பேர் கைதட்டல் போட்டார்கள். அப்போதே ஒருவர் மட்டும் எதிர்க்கேள்வி கேட்டிருந்தார். காசிருக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்குக் கோயமுத்தூரில் தார் ஓடுதளம் இருக்கிறது, உடம்பெல்லாம் கவசம் போட்டு ஓட்டுகிறார்கள், பத்திரிகையில் படம் வருகிறது. நம் ஊர் மெக்கானிக் ஷாப் பையனுக்கு பைபாஸை விட்டால் எது இடம் என்று கேட்டார். அவருக்கு யாரும் கைதட்டவில்லை. நானும்தான்.

ராசிபுரம் தாண்டும்போது வெளியே பார்த்தேன். ஒரு ஏரி, காய்ந்து வெடித்துக் கிடந்தது. அதில் ஆடுகள். அந்த நிறத்தை நான் மறக்கவில்லை. சாம்பலுக்கும் மஞ்சளுக்கும் நடுவில் ஒன்று.

அந்தக் கோடையில் எங்கள் ஊர் ஏரியும் அப்படித்தான் கிடந்தது. இரண்டு வருடம் மழை இல்லை. அப்பா திருச்செங்கோடு ரோட்டில் லாரி எஞ்சின் வேலை பார்க்கும் பட்டறை வைத்திருந்தார். சித்தப்பா, அதாவது அப்பாவின் ஒரே தம்பி, பட்டறையில் வேலை பார்த்தார். இருபத்து நான்கு வயது, கல்யாணம் ஆகவில்லை. எனக்கு அவர்தான் உலகம்.

பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த ஒருவர் வெளிநாட்டில் பார்த்ததாகச் சொல்லித்தான் எங்கள் ஊருக்கு அந்தப் பந்தயம் வந்தது. முட்டை வடிவத்தில் மண் பாதை. ஒரு முறைக்கு நான்கு வண்டி, நான்கு சுற்று. திருப்பம் எல்லாம் இடப்பக்கம்தான். வண்டிக்குப் பிரேக் கிடையாது. அதற்கு ஸ்பீட்வே என்று பெயர் என்பதும், எத்தனையோ நாட்டில் அதை ஆயிரக்கணக்கானோர் உட்கார்ந்து பார்க்கிறார்கள் என்பதும் நான் பெரியவளாகி எங்கோ படித்துத் தெரிந்துகொண்டது. எங்கள் ஊரில் அது ஏரி ரேஸ். லாரி ஆபீஸ்காரர்கள் சேர்ந்து நடத்தினார்கள். தேய்ந்த லாரி டயர்களைப் பாதி புதைத்து எல்லை கட்டினார்கள். சாராயக்கடைக்காரர் பந்தல் போட்டுத் தன் பெயரைப் பெரிதாக எழுதி வைத்தார். பெண்கள் ஏரிக்கரை மேல் நின்று பார்க்கலாம், கீழே இறங்கக் கூடாது. அதை ஏன் என்று அன்று யாரும் கேட்டதாக ஞாபகம் இல்லை.

சித்தப்பா ஓர் இரட்டைச் சைலன்சர் வண்டியைப் பிரித்து, வேண்டாததை எல்லாம் கழற்றி, எலும்புக்கூடாக்கி வைத்திருந்தார். பிரேக்கைக் கழற்றும்போது நான் பக்கத்தில் இருந்தேன்.

"இதில்லாம எப்படி நிறுத்துவீங்க சித்தப்பா?"

"நிறுத்தறதுக்கா ரேஸுக்குப் போறோம்?" என்று சிரித்தார். பிறகு தீவிரமாகவே சொன்னார். "சாமி, வண்டி பக்கவாட்டுல வழுக்கிட்டே திரும்போணும். பிரேக்கு இருந்தா பயத்துல கை தானா அங்க போயிரும். புடிச்சா உழுந்துருவோம். அதனால அது இருக்கவே கூடாது."

வழுக்கிக்கொண்டே திரும்பும்போது இடது காலைத் தரையில் ஊன்ற வேண்டும். வெறும் செருப்பு ஒரு சுற்றுக்குத் தாங்காது. அதனால் பட்டறை வெல்டர் லாரித் தகட்டை வெட்டி, பாதத்துக்கு ஏற்ற மாதிரி தட்டி வளைத்து, இடது பூட்ஸுக்கு அடியில் மாட்டுகிற ஓர் இரும்புச் செருப்பு செய்து கொடுத்தார். தோல் வாரில் மூன்று துளை. அதைச் சாக்குத் துணியால் தேய்த்துப் பளபளப்பாக்குவது என் வேலை. வாரை இழுத்து மாட்டிவிடுவதும் நான்தான். ஏரியில் கல் தட்டுப்பட்டால் அதிலிருந்து பொறி பறக்கும். கர்ர் என்று ஒரு சத்தம் வரும், பல் கூசும். இப்போது கிரைண்டரில் கல்லும் கல்லும் உரசினால் எனக்கு அந்தக் கூச்சம் வருகிறது.

பந்தயத்துக்கு இருந்த ஒரே தொந்தரவு தூசி. முன்னால் போகிற வண்டி கிளப்புகிற புழுதியில் பின்னால் வருகிறவனுக்குக் கண் தெரியாது. அதனால் முந்தின நாள் தண்ணீர் அடித்து மண்ணை அடக்கி வைக்க வேண்டும். ஜேடர்பாளையம் பக்கம் ஆற்றிலிருந்து ஒரு டேங்கர் லாரித் தண்ணீர் வந்தது. ஆற்றிலேயே அப்போது மணல்தான் அதிகம். டேங்கர் ஏரிக்குள் இறங்கிக் குழாயைத் திறந்ததும் ஏரிக்கரை மேல் குடங்களோடு நடந்துகொண்டிருந்த பெண்கள் நின்றார்கள். ஒரு குடம் தண்ணீருக்கு இரண்டு மைல் நடந்துகொண்டிருந்த காலம் அது. ஒருத்தி இறங்கினாள். பின்னாலேயே எல்லாரும் இறங்கி, குடத்தை லாரிக்கு முன்னால் வரிசையாக வைத்து உட்கார்ந்துவிட்டார்கள். என் அம்மாவும் அதில் இருந்தாள்.

அப்பாவுக்கு முகம் சுண்டிப் போயிற்று. "எந்திரி. நாலு பேரு பாக்கறாங்க."

"பாக்கட்டும். குடிக்கறதுக்கு இல்லாத தண்ணிய மண்ணுக்கு ஊத்தறீங்களே, தாகம்னு அது வந்து கேட்டுச்சுங்களா?"

ஆண்கள் சிலர் சிரித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு பேச்சில்லை. தண்ணீர் முழுக்கக் குடங்களுக்குப் போயிற்று. அது நியாயம். இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பந்தயம் நின்றுவிடும் என்று எல்லாரும் நினைத்தபோது அப்பாதான் சொன்னார்: "பட்டறைக்குப் பின்னால பத்துப் பன்னண்டு டிரம் பழைய ஆயில் கெடக்குது. அத அடிப்போம். தூசியும் அடங்கும், தண்ணியும் மிச்சம்."

லாரி ஊர்க்காரர்களுக்குத்தான் இப்படி ஒரு யோசனை வரும். எங்கள் ஊரில் தண்ணீர்தான் இல்லை, எஞ்சினிலிருந்து வடித்த கருப்பு ஆயிலுக்குப் பஞ்சமே கிடையாது. பட்டறை வாசலில் புழுதி பறக்காமல் இருக்க அதைத்தான் தெளிப்பார்கள். எல்லாரும் அப்பாவின் தோளில் தட்டினார்கள். லாரி ஆபீஸ்காரர், "மூளைன்னா இதுதாங்க" என்றார். அம்மாகூட ஒன்றும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் நானும் லாரியில் ஏறிக்கொண்டேன். பின்னால் டிரம்கள், அவற்றிலிருந்து ஒரு குழாய், குழாயில் துளைகள். அப்பாவே ஓட்டினார். தெற்குப் பக்கம் எல்லாம் சரியாகத்தான் போயிற்று. வடக்கு முக்கில், புதைத்த டயர்களுக்கு நடுவில் லாரி திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்டது. முன்னே எடுத்து, பின்னே எடுத்து, மறுபடி முன்னே. அப்பா இறங்கிப் போய்க் குழாயை மூடப் பார்த்தார். திருகு இறுகிக்கொண்டு அசையவில்லை. அத்தனை நேரமும் ஆயில் கொட்டிக்கொண்டே இருந்தது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்த்தேன். வானத்தின் சிவப்பு அதில் தெரிந்தது.

"அப்பா, இங்க குட்டையா நிக்குது."

"மண்ணு குடிச்சுக்கும் சாமி. ரெண்டு வருசமாப் பசிச்சுக் கெடக்குது."

ஆனால் குடிக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அப்பா மண்வெட்டியை எடுத்து, பக்கத்திலிருந்த காய்ந்த மண்ணை வாரி அதன் மேல் போட்டார். மற்ற இடம் போலவே ஆகிவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டு வண்டியில் ஏறினார்.

மறுநாள் மத்தியானம் சித்தப்பாவின் இடது காலுக்கு நான்தான் வாரை மாட்டினேன். இரண்டாவது துளையில். "இன்னும் ஒரு துளை இழு" என்றார். மூன்றாவது துளைக்கு இழுத்தேன். அப்போது சொல்லியிருக்கலாம். வடக்கு முக்கைப் பார்த்து ஓட்டுங்கள் சித்தப்பா என்று அவ்வளவுதான். அப்பா பக்கத்தில் நின்றார், நான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன், வாயைத் திறக்கவில்லை. பிறகு ஓடிப்போய் ஏரிக்கரை மேல் அம்மாவின் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

முதல் சுற்றில் சித்தப்பா வடக்கு முக்கை வெளிப்பக்கமாகச் சுற்றிப் போனார். இரண்டாவது சுற்றில் எல்லாரையும் முந்தி உள்பக்கமாக வந்தார். சக்கரம் வழுக்கியது. அது வழுக்க வேண்டியதுதானே என்று பார்த்தவர்கள் கைதட்டினார்கள். ஆனால் அவர் ஊன்றிய இரும்புச் செருப்பும் சேர்ந்து வழுக்கியது. அவர் வண்டிக்கு அடியில் போனார். பின்னால் வந்த வண்டி அந்தக் காலின் மேலேயே ஏறி இறங்கியது. யாரும் அவனைக் குறை சொல்ல முடியாது, அவனிடமும் பிரேக் இல்லை. கைதட்டல் நிற்கக் கொஞ்ச நேரம் ஆனது. அதுதான் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

அப்பாவின் லாரியிலேயே சித்தப்பாவைச் சேலத்துக்குக் கொண்டு போனார்கள். அம்மாவும் நானும் கூடப் போனோம். ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குச் சம்மதம் கேட்டு அப்பாவிடம் ஒரு தாளைக் கொடுத்தார்கள். அப்பா அதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டார். நர்ஸ் இரண்டு முறை வந்து கூப்பிட்டாள். "பங்காளிங்க வரட்டுங்க. நான் ஒருத்தன் மட்டும் போட்டாத் தப்பாயிரும்" என்றார். எங்கள் பக்கத்தில் அதுதான் முறை. இப்படி ஒரு முடிவைப் பங்காளிகளை வைத்துக்கொண்டுதான் எடுப்பார்கள். யாரும் அப்பாவைத் தப்பாக நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை. அவர்கள் பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது பொழுது இறங்கிவிட்டது. எல்லாரும் கூடிப் பேசிக் கையெழுத்துப் போட்டார்கள். மறுநாள் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள்.

ஊரில் வேறு கதை பேசினார்கள். குடித்துவிட்டு ஓட்டினான், திமிரில் ஓட்டினான், எவளோ கரையில் நிற்கிறாள் என்று அவளுக்குக் காட்டுவதற்காக ஓட்டினான். சித்தப்பா சாராயத்தைத் தொட்டதே இல்லை. அப்பா அதை மறுக்கவும் இல்லை, ஆமாம் என்று சொல்லவும் இல்லை. ஊர் பேசப் பேச ஆயில் காணாமல் போய்விட்டது.

பத்துப் பதினைந்து நாள் கழித்து ஆஸ்பத்திரியில் சித்தப்பா என்னைக் கட்டிலுக்குப் பக்கத்தில் கூப்பிட்டார். போர்வை ஓரிடத்தில் தட்டையாக இருந்தது. அங்கே பார்க்காமல் இருக்க முயன்றேன்.

"சாமி, நீ அப்பங்கூட லாரியில போனீல்ல? வடக்கு முக்குல மண்ணு ஒரு மாதிரி இருந்துச்சே. எதாச்சும் பாத்தியா?"

அப்பா கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தார்.

"நான் தூங்கிட்டேன் சித்தப்பா."

அவர் என்னையே பார்த்தார். "சரி சாமி" என்றார். அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அயோத்தியாப்பட்டணத்தில் ஒரு டயர்க் கடை வைத்தார் என்று கேள்விப்பட்டோம். அப்பா இறந்தபோது வந்தார். வாசலோடு நின்றார், மாலையை யாரிடமோ கொடுத்துவிட்டுப் போனார். அன்று உறவினர் ஒருவரிடமிருந்து அவர் எண்ணை வாங்கி வைத்துக்கொண்டேன். ஒருநாளும் அழைத்ததில்லை. இரும்புச் செருப்பு என்ன ஆனதென்று தெரியவில்லை. பட்டறையை விற்றபோது மூலை மூலையாகத் தேடினேன்.

சேலம் ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது நாலரை மணி. மகளின் தோழி வராந்தாவில் நின்றாள், கையில் மகளின் ஹெல்மெட். முழங்கை எல்லாம் மண். காலையில் சர்ச்சில் பூசை முடிந்து நேராக ஏரிக்குப் போயிருக்கிறாள். கழுத்தில் இன்னும் ஜெபமாலை.

"மண்ணு பொசபொசன்னு இருந்துச்சு ஆன்ட்டி. திரும்பும்போது முன் சக்கரம் உள்ள போயிருச்சு. அவ நல்லாத்தான் ஓட்டினா. சத்தியமா நல்லா ஓட்டினா."

அவளைத் திட்டுவதற்காகக் காரில் வரும்போதே நிறைய யோசித்து வைத்திருந்தேன். அதை எல்லாம் விட்டுவிட்டு "சாப்பிட்டியா?" என்று கேட்டேன். அவள் அழ ஆரம்பித்தாள்.

டாக்டர் இளவயதுப் பெண். உட்காரச் சொல்லாமல் நின்றபடியே பேசினார்.

"முட்டிக்குக் கீழ எலும்பு நொறுங்கி ரத்தக் குழாய் அடிபட்டிருக்குங்க. பாதத்துக்கு ரத்தம் போகல. உடனே ஆபரேஷன் பண்ணணும். காலக் காப்பாத்தத்தான் பாப்போம். உள்ள பாத்துட்டு முடியாத நிலைமைன்னா எடுக்கறதுக்கும் நீங்க சம்மதிச்சு எழுதித் தரணும். அவங்க மயக்கத்துல இருக்காங்க, அதனால உங்க கையெழுத்துதான் வேணும்."

தாளை வாங்கிக்கொண்டேன். இரண்டு பக்கம். 'தேவைப்பட்டால்' என்ற சொல் மூன்று இடத்தில் இருந்தது. வீட்டுக்காரருக்கு மறுபடி போட்டேன், எடுக்கவில்லை. அவருடைய அண்ணனுக்கு, என் மச்சாண்டாருக்குப் போட்டேன். நாங்கள் அவரைக் கேட்காமல் எதுவும் செய்வதில்லை.

"நான் கெளம்பிட்டேன் அம்மிணி. பெரியவங்களையும் கூட்டிட்டு வாரேன். நாங்க வாரதுக்குள்ள எதுலயும் கையெழுத்துப் போட்டராத. பொட்டப்புள்ள காலு. நாளைக்கு ஒரு பேச்சு வந்துரக் கூடாது பாரு."

"டாக்டர் உடனேன்னு சொல்றாங்க மாமா."

"அவங்க அப்படித்தான் சொல்லுவாங்க. ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம். தம்பி ஊர்ல இல்லாதப்ப நீ ஒருத்தி முடிவு பண்ணுனா நல்லாருக்குமா?"

நியாயமாகத்தான் பட்டது. படித்தவள் நான். இருபது வருடம் பள்ளியில் பாடம் நடத்தியிருக்கிறேன். ஆனாலும் அந்தப் பேச்சு எனக்கு ஆறுதலாக இருந்தது என்பதை உங்களிடம் மறைக்க மாட்டேன். வேறு யாரோ வரப் போகிறார்கள், அவர்கள் போடுவார்கள், நான் போட வேண்டியதில்லை. தாளை மடித்தேன். மடித்த பிறகுதான் என் கை எப்படி மடித்திருக்கிறது என்று பார்த்தேன். நான்காக, சட்டைப் பைக்குள் வைக்கிற அளவுக்கு.

நர்ஸ் ஒருமுறை வந்தாள். "முடிவு பண்ணிட்டீங்களாம்மா?"

"வீட்ல பெரியவங்க வந்துட்டிருக்காங்க."

"எவ்ளோ நேரமாகும்?"

கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். உள்ளே மகள் கிடந்தாள், வெள்ளைத் துணிக்கு வெளியே அவளுடைய கால் விரல்கள் தெரிந்தன. நிறம் சரியில்லை. பொங்கலுக்கு அவளே போட்ட நகப்பூச்சு பாதி உரிந்திருந்தது. நான் அந்த முதல் தாளில் கையெழுத்துப் போட்டிருந்தால் அவள் தண்ணீர் அடித்த மண்ணில் விழுந்திருப்பாள், அல்லது விழாமலே இருந்திருப்பாள். விழுந்த இடத்திலேயே டாக்டர் இருந்திருப்பார். நான் தடுத்தேன் என்று நினைத்தது தடுக்கவில்லை, அவளைத் தனியாக அனுப்பியது. அந்தப் பந்தயம் எனக்கு இன்றும் பிடிக்காது. ஆனால் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அது இல்லாமல் போய்விடும் என்று நம்மில் எத்தனை பேர் நம்பிக்கொண்டிருக்கிறோம்?

ஐந்து மணி ஐந்து நிமிடத்துக்குச் சித்தப்பாவின் எண்ணை அழுத்தினேன். ஏன் என்று தெரியாது. சேலத்தில் எனக்கு வேறு யாருமில்லை என்பது பாதிக் காரணம்தான்.

"யாருங்க?"

பெயரைச் சொல்லவில்லை. "சித்தப்பா" என்றேன். அந்தப் பக்கம் ஒரு லாரி டயரைக் கம்பியால் நெம்புகிற சத்தம் கேட்டு, நின்றது.

"சொல்லு சாமி."

சொன்னேன். காய்ந்த ஏரி, மகள், இடது கால், தாள், வந்துகொண்டிருக்கிற பெரியவர்கள். முடித்ததும், "எந்த ஆஸ்பத்திரி?" என்றார். சொன்னேன். போனை வைத்துவிட்டார்.

அரை மணி நேரம். மச்சாண்டாரிடமிருந்து ஒருமுறை போன் வந்தது. டோல்கேட்டில் நிற்கிறார்களாம், இன்னும் இரண்டு பேரை ஏற்ற வேண்டுமாம். டாக்டர் ஒருமுறை வெளியே வந்து என்னையும் கடிகாரத்தையும் பார்த்துவிட்டு உள்ளே போனார். தோழி ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு மணிகளை உருட்டிக்கொண்டிருந்தாள்.

பிறகு வராந்தாவின் கடைசியில் ஒரு நடைச் சத்தம் கேட்டது. ஒரு கால் மெதுவாக, ஒரு கால் கட்டையாக. கறுப்புக் கறை படிந்த வேட்டி, நரைத்த தலை, கையில் கடைச் சாவி. முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகியும் தோள் அப்படியே இருந்தது. என்னைக் கட்டிப் பிடிக்கவில்லை, எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கையை நீட்டினார். தாளைக் கொடுத்தேன். மடிப்பைப் பார்த்தார். மெதுவாகப் பிரித்து முழங்கால் மேல் வைத்துத் தேய்த்து நேராக்கினார்.

"சித்தப்பா, அன்னைக்கு நான் தூங்கல. லாரியில முழிச்சுட்டுத்தான்…"

"பேனா இருக்குதா?"

நான் பையைத் துழாவினேன். அவரே தன் சட்டைப் பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, என் விரல்களுக்கு நடுவில் வைத்தார்.

"ஆயில்னு எனக்கு உழும்போதே தெரியும் சாமி. மோந்தா தெரியாதா, பட்டறையில பொறந்தவனுக்கு? ஆனா ஆயில்ல என் காலு போகல. பங்காளிக வாரதுக்குள்ள போச்சு. யாரும் வர வேண்டாம். நீ போடு."